மயில்மாணிக்கக் கொடி வளைவைத் தாண்டி ஓடிவிட்டது, ஆனால் ஒரு மொட்டுகூட இல்லை. காரணம் என்னவாக இருக்கும்?

கொழிஞ்சாம்பாறை வாசி (ஜூலை 24)

அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் செல்லும் சாலையை ஒட்டிய சிற்றூர் ஒன்றில் வசிக்கிறேன். எங்கள் வீட்டு வெளிக்கதவுக்கு மேல் ஓர் இரும்புக் குழாய் வளைவு இருக்கிறது. அதன் மீது மயில்மாணிக்கக் கொடியைப் படரவிட்டு, சிவந்த நட்சத்திரப் பூக்கள் இருபுறமும் தொங்குவதைப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அண்டை வீட்டு மலையாளிகள் இதை ஆகாசமுல்லை என்கிறார்கள். சிறுவயதில் என் அம்மா வீட்டுக் கிணற்றடியில், யாரும் விதைக்காமலேயே ஆண்டுதோறும் முளைத்துப் பூத்த கொடி இதுதான்.

சித்திரை இரண்டாம் வாரம், கோடை மழை ஒன்று பெய்து மண் நனைந்ததும், கடையில் வாங்கிய பொட்டலத்திலிருந்து எட்டு விதைகளை ஊன்றினேன். ஐந்து முளைத்தன. மூன்று கொடிகள் வளைவின் இடப்பக்கக் காலடியில் தரையிலும், இரண்டு வலப்பக்கத்தில் சிமெண்டுத் தொட்டிகளிலும் இருக்கின்றன. எங்கள் மண் கரிசல் என்பதால் இறுகிவிடுமோ என்று அஞ்சி, தரையில் இரண்டு கூடை மாட்டெருவைக் கலந்தேன். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கடலைப் பிண்ணாக்கை ஊறவைத்த தண்ணீரை ஐந்துக்கும் ஊற்றி வருகிறேன். கொடிகள் பத்தடிக்கு மேல் ஓடிவிட்டன. இலை சீப்புப் பற்களைப் போல நெருங்கி, பச்சைக் கம்பளியைப் போர்த்தியது போல் இருக்கிறது. ஆனால் மூன்று மாதமாகியும் ஒரு மொட்டு இல்லை. விதைப் பொட்டலத்தில் "ஆண்டு முழுவதும் பூக்கும்" என்று அச்சிட்டிருந்தார்கள்.

ஆடிக் காற்றில் கொடியின் ஒரு பகுதி வளைவிலிருந்து கழன்று விழுந்துவிட்டது என்பது இன்னொரு கவலை. ஓணத்துக்குள் பூக்கவைக்க ஏதேனும் வழி உண்டா? வாசலில் பூக்களம் போட பேத்திகள் இந்தப் பூவைக் கேட்கிறார்கள்.

செங்கோட்டைத் தோட்டக்காரர் (ஜூலை 24)

அம்மா, வணக்கம். நீங்கள் எழுதியதைப் படித்ததுமே என் கண் பிண்ணாக்குத் தண்ணீரில்தான் நின்றது. மயில்மாணிக்கமும் சர்க்கரைவள்ளியும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஐப்போமியா என்பது அந்தப் பேரினத்தின் பெயர். வள்ளைக்கீரை, கடற்கரை மணலில் படரும் அடப்பங்கொடி ஆகியவையும் இதே கூட்டம்தான். சர்க்கரைவள்ளி பயிரிட்டவர்களுக்கு ஒன்று தெரியும்: தழைச்சத்து மிகுந்த மண்ணில் கொடி காடாக ஓடும், கிழங்கு இறங்காது. இங்கே கிழங்குக்குப் பதில் பூ என்று வைத்துக்கொள்ளுங்கள். கடலைப் பிண்ணாக்கில் தழைச்சத்து ஏழு விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. மக்கிய மாட்டெருவிலோ அரை விழுக்காடு இருந்தாலே அதிகம். கீரைக்கு ஏற்ற விருந்தைப் பூக்கொடிக்கு வைத்திருக்கிறீர்கள்.

உடனே பிண்ணாக்கை நிறுத்துங்கள். ஏற்கெனவே மண்ணில் இறங்கியதைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால், தரையில் உள்ள மூன்று கொடிகளும் சற்றுத் தாமதமாகவே மனம் மாறும். தொட்டியில் உள்ளவை விரைவில் பசியை உணரும். பிண்ணாக்குக்குப் பதிலாக ஒரு பிடி மரச்சாம்பலைத் தொட்டி மண்ணின் மேல் தூவிக் கிளறிவிடலாம், அதற்கு மேல் எதுவும் வேண்டாம். மண் உலர்ந்த பிறகே தண்ணீர் விடுங்கள். கரிசல் மண்ணில் தேங்கும் ஈரமே கொடியைச் சோம்பலாக்கிவிடும்.

வெயில் எப்படி என்று நீங்கள் குறிப்பிடவில்லை. இந்தக் கொடிக்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும். இங்கே எங்களுக்குச் சாரல் காலம் முழுவதும் வானம் மூடியே கிடப்பதால், ஆனி ஆடியில் இது பூப்பதை நான் எதிர்பார்ப்பதே இல்லை.

நகரி மாடித்தோட்டம் (ஜூலை 25)

வணக்கம் அம்மா. நீங்களும் சித்தூர், நானும் சித்தூர். உங்களுடையது கேரளத்துச் சித்தூர், என்னுடையது ஆந்திரத்துச் சித்தூர் மாவட்டம். எங்கள் பக்கம் தமிழ் வீடுகளிலும் இந்தக் கொடிக்குக் காசிரத்தினம் என்றே பெயர், தெலுங்கிலும் அதுவே. காசிக்கும் இதற்கும் என்ன உறவோ, கொடி பிறந்தது மெக்சிகோவை உள்ளிட்ட வெப்பமண்டல அமெரிக்காவில். லின்னேயஸ் 1753ஆம் ஆண்டிலேயே இதற்கு ஐப்போமியா குவாமோகிளிட் என்று பெயரிட்டுவிட்டார். ஐப்போமியா என்பது "புழுவை ஒத்தது" என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து வந்தது. கொடி நெளிந்து ஏறும் விதத்தைப் பார்த்து வைத்த பெயர். இவ்வளவு அழகான கொடிக்குப் புழுவின் பெயரா என்று எனக்கு எப்போதும் மனத்தாங்கல் உண்டு.

செங்கோட்டை ஐயா சொன்ன பிண்ணாக்குக் காரணத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் விதைத்த மாதத்தையும் கவனிக்க வேண்டும். இந்தக் குடும்பத்துக் கொடிகள் பலவும் குறும்பகல் தாவரங்கள், அதாவது பகல் குறைந்து இரவு நீளும்போது மொட்டுக் கட்டுபவை. இதன் ஒன்றுவிட்ட உறவான ஐப்போமியா நில் என்னும் நீலக்கொடியை ஜப்பானியர்கள் ஆய்வுக்கூடத்தில் வைத்துப் பூப்பின் இரகசியத்தைப் படித்தார்கள். அதில் ஒரு வகை, வித்திலையுடன் நிற்கும் சிறு நாற்றாக இருக்கும்போதே, பதினாறு மணி நேர இருட்டு ஒரே ஒரு முறை கிடைத்தால் போதும், மொட்டுக்கு ஆயத்தமாகிவிடும். மயில்மாணிக்கம் அவ்வளவு கறாரான கொடி அன்று. எங்கள் ஊரில் கோடையிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூத்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அது கொத்துக் கொத்தாகப் பூப்பது புரட்டாசிக்குப் பிறகுதான்.

உங்கள் ஊர் அட்சரேகையில் ஜூன் 21ஐ ஒட்டிய பகல் ஏறத்தாழ 12 மணி 45 நிமிடம். டிசம்பரில் ஏறத்தாழ 11 மணி 30 நிமிடம். நமக்கு இந்த வேறுபாடு தெரிவதே இல்லை, கொடிக்குத் தெரிகிறது. நீங்கள் சித்திரையில் விதைத்ததால், நாள் நீண்டுகொண்டே போகும் காலம் முழுவதையும் அது இலை விடுவதில் செலவிட்டுவிட்டது. ஆடிப் பட்டம் தேடி விதை என்று நெல்லுக்கும் காய்கறிக்கும் மட்டும் சொல்லி வைக்கவில்லை. இந்தக் கொடிக்கும் ஆடிக் கடைசியோ ஆவணி முதலோதான் நல்ல பட்டம். அப்போது விதைத்தால் கொடி ஐந்தாறு அடி ஏறும் முன்பே மொட்டு வைக்கும், தோற்றமும் கச்சிதமாக இருக்கும்.

கடைசியாக ஒரு கேள்வி. உங்கள் வளைவின் அருகே தெருவிளக்கு ஏதேனும் இருக்கிறதா? குறும்பகல் தாவரம் உண்மையில் அளப்பது பகலை அன்று, இடையறாத இருட்டை. நடுவில் வெளிச்சம் விழுந்தால் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது. பசுமைக்குடிலில் சாமந்தி வளர்ப்பவர்கள் இரவில் சிறிது நேரம் விளக்கெரித்துப் பூப்பதைத் தள்ளிப்போடுவது இதை வைத்துத்தான்.

கொழிஞ்சாம்பாறை வாசி (ஜூலை 25)

ஐயாவுக்கும் நகரி அன்பருக்கும் நன்றி. விளக்கைப் பற்றிக் கேட்டது என்னைத் தூக்கிவாரிப் போட்டது. வளைவிலிருந்து நான்கடி தொலைவில், அதற்கு நேர் மேலே தெருவிளக்கு இருக்கிறது. முன்பு மங்கலான மஞ்சள் விளக்காக இருந்தது. சென்ற ஆண்டு வெள்ளை எல்.ஈ.டி. விளக்காக மாற்றினார்கள். இரவில் அதன் கீழ் நின்று செய்தித்தாள் படிக்கலாம். வெயிலுக்குக் குறைவில்லை, வளைவு மேற்கு பார்த்தது, காலை பத்து மணியிலிருந்து மாலை வரை வெயில் விழுகிறது.

மார்த்தாண்டம் டீச்சர் (ஜூலை 26)

பூக்காததற்கான காரணத்தை இருவரும் பேசிவிட்டதால், கழன்று விழுந்த கொடியைப் பற்றி எழுதுகிறேன்.

மயில்மாணிக்கத்துக்குப் பாகலையும் பீர்க்கையும் போலப் பற்றுக்கம்பி கிடையாது. சுவரில் ஒட்டும் வேரும் கிடையாது. தண்டு தன்னையே சுற்றிக்கொண்டு ஏறுவதுதான் இதற்குத் தெரிந்த ஒரே வித்தை. மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். கை உதவி செய்வதாக நினைத்து வேறு திசையில் சுற்றிவிட்டால் மறுநாள் அவிழ்ந்து கிடக்கும். தண்டு தையல் நூலைவிடச் சற்றே தடித்தது என்பதால் இரண்டங்குல இரும்புக் குழாயை அதனால் வளைத்துப் பிடிக்க முடியாது, அதுவும் வழவழப்பான வண்ணம் பூசிய குழாயை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு சேர்ந்தால் கேட்க வேண்டியதே இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் முப்பது, நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்த வாசல் அது. அந்த வாசலுக்கு நேரே உங்கள் வாசல் இருக்கிறது.

நான் செய்வதைச் சொல்கிறேன். வளைவின் ஒரு காலிலிருந்து மறு கால் வரை தேங்காய் நார்க்கயிற்றை, மெல்லியதாகப் பார்த்து, ஒரு சாண் இடைவெளியில் ஏணிப்படி போலக் கட்டிவிடுங்கள். நைலான் கயிறு வேண்டாம், அதன் வழவழப்பில் கொடி சறுக்கும். நாரின் சொரசொரப்பே அதற்குப் பிடிமானம். கழன்று விழுந்த பகுதியைப் பிரித்தெடுத்து மறுபடியும் ஏற்ற முயல வேண்டாம், முறிந்துவிடும். நுனியை ஓரடி கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் புறப்பட்டுக் கயிற்றைத் தாமே தேடிக்கொள்ளும். கிளை மிகுந்தால் பூவும் மிகும்.

பூக்களத்துக்கு இந்தப் பூ ஏற்றதன்று என்று பேத்திகளிடம் முன்பே சொல்லிவிடுங்கள். விடியலில் விரியும் பூ அன்றைய நாளோடு முடிந்துவிடும், பறித்தாலோ அதற்கும் முன்பே துவண்டுவிடும். குழல் ஒன்றரை அங்குலம், விரிந்த முகம் ஓர் அங்குலத்துக்கும் குறைவு; காம்பிலிருந்து எடுத்த சிறிது நேரத்தில் ஈரத்தாள் போலச் சுருண்டுகொள்ளும். பூக்களத்துக்குத் தெச்சியும் செண்டுமல்லியும் இருக்கின்றன. இதைக் கொடியிலேயே விட்டுவைத்தால் தேன்சிட்டுகள் வரும். தாய்நாட்டில் இதன் தேனை அந்தரத்தில் நின்றபடியே குடிக்கும் ரீங்காரச் சிட்டுகள் உண்டு. நம் ஊர்த் தேன்சிட்டுக்குப் பெரும்பாலும் உட்கார இடம் வேண்டும். எனவே வளைவின் உச்சியில் இரண்டு காய்ந்த குச்சிகளை நீட்டிக் கட்டிவையுங்கள். சில சிட்டுகள் குழலின் வாய் வழியே குடிக்காமல் அடியில் ஓட்டை போட்டுத் தேனைத் திருடுவதையும் காணலாம், அதற்காக அவற்றை வைவதற்கில்லை.

அடுத்த முறை விதைப்பதற்கு: விதையின் தோல் கெட்டியானது. உப்புத்தாளில் ஒரு பக்கத்தை இலேசாகத் தேய்த்து, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, ஊறிப் பருத்தவற்றை மட்டும் அரையங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். எட்டில் ஐந்து முளைத்ததற்குக் காரணம் பெரும்பாலும் இந்தத் தோலாகவே இருக்கும். ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். வேர் அசைவதை இந்தக் கொடி விரும்பாது. இருக்குமிடத்திலேயே விதைப்பது நல்லது.

இது ஓராண்டுக் கொடிதான். காய் முற்றியதும் காய்ந்துபோகும். ஆனால் உங்கள் அம்மா வீட்டுக் கிணற்றடியை நினைத்துக்கொள்ளுங்கள்: கொடி போகும், விதை போகாது. ஒவ்வொரு காயிலும் நான்கு கறுப்பு விதைகள் வரை இருக்கும், வெடித்துச் சிதறியவை அடுத்த மழையில் தோட்டம் முழுவதும் முளைக்கும். நாற்றை அடையாளம் காண்பது எளிது. வித்திலை இரண்டும் கவைபோலப் பிளந்து, இரட்டைவால் குருவியின் வாலைப் போல இருக்கும். வேண்டாதவற்றை அந்தப் பருவத்திலேயே பிடுங்கிவிட வேண்டும். வேலியில் ஏறிவிட்டால் பிறகு வேலியும் கொடியும் ஒன்றாகிவிடும். சிறு பிள்ளைகள் இருக்கும் வீடு என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இந்தக் குடும்பத்துக் கொடிகளின் விதைகளை வாயில் போட விடக்கூடாது.

செங்கோட்டைத் தோட்டக்காரர் (ஜூலை 27)

டீச்சர் எழுதியதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. தெருவிளக்கைப் பற்றி மட்டும் ஐயம் இருக்கிறது. எங்கள் தெருவில் ஒரு வீட்டு வேலியில், விளக்குக் கம்பத்தையே சுற்றிக்கொண்டு இந்தக் கொடி பூத்ததைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

நகரி அன்பர் சொல்லக்கூடும், அது மஞ்சள் விளக்கு, அல்லது அந்தக் கொடி வேறு வகை என்று. இரண்டாவதற்கு வாய்ப்பு உண்டுதான். மயில்மாணிக்கத்தையும் வேறொரு சிவப்புக் கொடியையும் கலந்து, அமெரிக்காவின் ஒகையோவைச் சேர்ந்த ஸ்லோட்டர் என்பவர் உருவாக்கிய கலப்பினம் ஒன்று உண்டு. அவர் பெயராலேயே ஸ்லோட்டெரி என்று வழங்குகிறது. அதன் இலை நூலிழையாக இராது, விரித்த கையைப் போலப் பட்டையான விரல்களோடு இருக்கும். பார்வைக்குக் கம்பீரமானது என்றாலும், எனக்கென்னவோ மூலக்கொடியின் மயிலிறகு மென்மைதான் பிடிக்கிறது.

வாதிடுவதைவிடச் சோதித்துப் பார்ப்பது நல்லது. அம்மா, உங்களிடம் இரண்டு தொட்டிகள் இருக்கின்றனவே. இரண்டுக்கும் பிண்ணாக்கை நிறுத்துங்கள், இரண்டையும் இடுப்பளவுக்குக் கத்தரித்துவிடுங்கள். ஒன்றை இருந்த இடத்திலேயே விட்டு, மற்றதை விளக்கு வெளிச்சம் படாத கொல்லைப்புறத்துக்கு மாற்றுங்கள். எது முதலில் மொட்டு வைக்கிறது என்று பார்ப்போம். ஓணத்தை இப்போதைக்கு மறந்துவிடலாம்.

கொழிஞ்சாம்பாறை வாசி (செப்டம்பர் 28)

இரண்டு மாதம் பதில் எழுதாமல் இருந்ததற்குப் பொறுத்தருள வேண்டும். ஐயா சொன்னபடியே செய்தேன். ஜூலை 28 அன்று இரண்டு தொட்டிகளையும் கத்தரித்து, ஒன்றைக் கொல்லைப்புறத்தில் துவைகல்லுக்கு அருகே வைத்து, டீச்சர் சொன்ன நார்க்கயிற்றை அங்கும் கட்டினேன். பிண்ணாக்கை ஐந்து கொடிகளுக்கும் நிறுத்திவிட்டேன்.

கொல்லைத் தொட்டியில் செப்டம்பர் 6 அன்று மொட்டுகள் தெரிந்தன, இப்போது நாளுக்குப் பத்துப் பன்னிரண்டு பூ விரிகிறது. வாசல் தொட்டியில் 19ஆம் தேதி அளவில்தான் மொட்டு வந்தது. அதுவும் இலை அடர்த்தியால் விளக்கு மறையும் உட்பக்கத்தில் மிகுதியாகவும், விளக்கை நோக்கிய பக்கத்தில் மிகக் குறைவாகவும் இருக்கிறது. தரையில் உள்ள மூன்றும் இன்னும் இலையோடுதான் நிற்கின்றன. ஆக, நகரி அன்பர் சொன்னதும் சரி, ஐயா சொன்னதும் சரி என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஓணத்துக்குப் பேத்திகள் செண்டுமல்லி வாங்கிக்கொண்டார்கள். கொல்லையில் ஊதாத் தேன்சிட்டு ஒன்று தினமும் காலை ஏழு மணிக்கு வந்து, கயிறு கட்டிய குச்சியின் மேல் உட்கார்ந்து குடிக்கிறது. அதைப் பார்ப்பதற்காகவே துணி துவைக்கும் நேரத்தை மாற்றிக்கொண்டேன்.

நகரி மாடித்தோட்டம் (செப்டம்பர் 29)

மிகவும் மகிழ்ச்சி அம்மா. சோதனையில் ஒரு சிறு ஓட்டையையும் ஒப்புக்கொள்கிறேன்: கொல்லைத் தொட்டிக்கு இருட்டோடு காலை வெயிலும் சேர்ந்து கிடைத்திருக்கலாம், காற்றும் குறைந்திருக்கலாம். ஆனால் வாசல் தொட்டியில் விளக்கு மறையும் பக்கம் மட்டும் முந்திக்கொண்டது எனக்குப் போதுமான சாட்சி.

தரையில் உள்ள மூன்றையும் இப்போது பிடுங்க வேண்டாம். பகல் இன்னும் குறையப் போகிறது, எருவின் வேகமும் தணிந்து வருகிறது, ஐப்பசியில் அவையும் இறங்கி வரும். விதைக்கு மட்டும் கொல்லைக் கொடியின் காய்களையே வைத்துக்கொள்ளுங்கள். காய் பழுப்பாகி, தொட்டால் தாள் போலச் சலசலக்கும்போது, வெடிக்கும் முன்பே பறித்து நிழலில் உலர்த்தி, ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு, மேலே "ஆடிக் கடைசியில் விதைக்க" என்று எழுதி ஒட்டிவையுங்கள்.

செங்கோட்டைத் தோட்டக்காரர் (செப்டம்பர் 29)

விளக்கு விஷயத்தில் என் ஐயத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். எங்கள் தெருக் கம்பத்தில் பூத்த கொடியின் இலையை இன்று காலை நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பட்டையான விரல்களோடுதான் இருந்தது.